துபாய் சாக்லேட்: ஊரில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நான் துபாய் தேராவில் உணவுப் பொருள் மொத்த வியாபாரத்தில் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் ஊருக்குக் கிளம்பும்போது கோடாலித் தைலம், டாங், பேரீச்சம்பழம் என்று பட்டியல் வரும். இரண்டு வருடமாகப் பட்டியலின் முதல் வரியே துபாய் சாக்லேட்தான். அதோடு கேள்விகளும் வருகின்றன. மதினி கேட்பதையே தெருமுனை பேக்கரிக்காரரும் கேட்கிறார், கல்லூரியில் படிக்கும் மருமகனும் கேட்கிறான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டி விரல் வலித்ததால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

துபாய் சாக்லேட்டுன்னா என்ன? துபாய்ல வாங்குற எல்லா சாக்லேட்டும் துபாய் சாக்லேட்தானே?

இல்லை. இது ஒரு குறிப்பிட்ட வகை. கனமான பால் சாக்லேட் பார். உள்ளே வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்த கதாயிஃப், பிஸ்தா விழுது, கொஞ்சம் தஹினி, அதாவது எள் விழுது. உடைத்தால் பச்சையாக வழியும், கடித்தால் மொறுமொறுக்கும்.

கதாயிஃப் என்பது கோதுமை மாவை நீர்க்கக் கரைத்து, சூடான தட்டின் மேல் மெல்லிய நூல்களாக ஊற்றி எடுப்பது. பார்வைக்கு நம்ம சேமியாவின் தங்கச்சி மாதிரி இருக்கும். அதை வைத்துச் செய்யும் அரபு இனிப்புதான் குனாஃபா. பாலஸ்தீனத்தில் நாப்லுஸ் நகரத்துக் குனாஃபாவுக்குப் பெரிய பெயர் உண்டு. அதில் பாலாடைக்கட்டி இருக்கும், சர்க்கரைப் பாகு இருக்கும். இந்தச் சாக்லேட்டில் இரண்டுமே கிடையாது, நூல் மட்டும்தான் குனாஃபாவிலிருந்து வந்தது.

இது அரபுக்காரங்க காலங்காலமா செய்ற பலகாரமா? யார் கண்டுபிடிச்சது?

காலங்காலமா என்றெல்லாம் இல்லை. 2021-இல் பிறந்தது. துபாயில் வாழும் பிரிட்டிஷ்-எகிப்தியரான சாரா ஹமூதா அப்போது கருவுற்றிருந்தார். நம் ஊரில் மசக்கைக்கு மாங்காய் கேட்பார்கள், அவருக்குக் குனாஃபாவும் பிஸ்தாவும் சேர்ந்த இனிப்பு மேல் ஆசை வந்தது. அந்த ஆசையைச் சாக்லேட்டுக்குள் அடைத்து, கணவரோடு சேர்ந்து 'ஃபிக்ஸ்' என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார். பக்குவத்தை உருவாக்குவதில் நோயல் காட்டிஸ் ஓமாமலின் என்ற பிலிப்பைன்ஸ் சமையற்கலைஞருக்கும் பங்கு உண்டு. ஆக, எகிப்துக் குடும்பத்துப் பெண்ணின் ஆசை, பிலிப்பைன்ஸ்காரர் கை, அரபு நூல், ஐரோப்பியச் சாக்லேட். துபாய் என்ற ஊரே இப்படித்தான் என்பதால் பெயர் பொருந்தித்தான் போகிறது.

தொடக்கத்தில் அவர்களுக்குக் கடையே கிடையாது. உணவு கொண்டுவந்து தரும் செயலி வழியாக, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் விற்பனை. பிரபலமான பிறகும் ஒரு நாளைக்கு 500 ஆர்டர் அளவில்தான் எடுத்தார்கள்.

அப்புறம் எப்படி உலகம் பூரா பரவுச்சு? பெரிய விளம்பரம் எதுவும் பண்ணாங்களா?

2023 டிசம்பரில் மரியா வெஹேரா என்ற பெண் காரில் உட்கார்ந்து இந்த சாக்லேட்டைச் சாப்பிடும் வீடியோவை டிக்டாக்கில் போட்டார். அதை 10 கோடிக்கும் அதிகமான தடவை பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் 2020-லிருந்தே டிக்டாக் தடை. அதனால் நம் பக்கம் அது ரீல்ஸாக, ஷார்ட்ஸாகச் சுற்றி வந்து சேர்ந்தது.

போன் வழியாகச் சுவை போகாது, சத்தமும் நிறமும் போகும். உடையும்போது வரும் அந்த 'க்ரக்', உள்ளேயிருந்து வழியும் பச்சை, இரண்டும் திரையில் அப்படியே தெரியும். எங்கள் ஊர் அல்வாவை நினைத்துப் பாருங்கள். வாயில் போட்டால் சொர்க்கம், வீடியோவில் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. அதற்கு 10 கோடி பார்வை வராது, பாவம்.

இன்னொன்றும் இருக்கிறது. பார்த்தவர்கள் கோடிக்கணக்கில், கிடைப்பதோ ஒரு ஊரில், நாளைக்குச் சில நூறு. ஆசையைக் கிளப்பிவிட்டுச் சரக்கு இல்லையென்றால், அந்த இடைவெளியில் யாராவது கடை போட்டுத்தானே ஆவார்கள்?

வீடியோ வந்த கொஞ்ச நாள்லயே சூப்பர் மார்க்கெட்ல வந்துருச்சே, எப்படி அவ்ளோ வேகம்?

முதலில் இறங்கியவை துபாயின் சின்னக் கடைகள். 2024-இல் பேக்கரிகள் போட்டன, பிறகு பக்காலாவில், அதாவது தெருமுனைப் பலசரக்குக் கடையில்கூட கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார்கள். அடுத்தது துருக்கித் தொழிற்சாலைகள். துருக்கியின் காஜியான்தெப் பிஸ்தாவுக்கும் பக்லாவாவுக்கும் பேர்போன ஊர். கதாயிஃப் அங்கே அன்றாடப் பொருள். சாக்லேட் தொழிற்சாலைகளும் ஏராளம். வேறு நாட்டுக்காரன் மூன்று சரக்கையும் மூன்று இடத்தில் தேடவேண்டும், துருக்கிக்காரனுக்கு எல்லாமே வீட்டுக்குள். என்னைக் கேட்டால், இந்தச் சாக்லேட் உலகம் சுற்றியதற்கு அந்த வீடியோவுக்கு உள்ள பங்கு துருக்கித் தொழிற்சாலைக்கும் உண்டு. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கொரியாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். 2024 ஜூலையில் சியூ என்ற கடைத்தொடர் தன் துபாய் சாக்லேட்டை இறக்கியது. கதாயிஃப் கிடைக்கவில்லை. காத்திருக்கலாம் என்று நினைக்காமல், உள்ளூர் உலர் நூடுல்ஸைப் போட்டே செய்துவிட்டார்கள்! முதல் 2 லட்சமும் ஒரே நாளில் தீர்ந்தது. வாங்கியவர்கள் அதைத் துபாய் சாக்லேட் என்றேதான் சொன்னார்கள்.

பெரிய நிறுவனங்கள் கடைசியாகத்தான் வரும், வரும்போதும் ஓரக்காலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வரும். சுவிட்சர்லாந்துச் சாக்லேட் நிறுவனமான லிண்ட் 2024 நவம்பரில் ஜெர்மனியின் ஆஹனில் கையால் செய்து எண் போட்ட 100 பாரை, ஒன்று 14.99 யூரோவுக்கு விற்றது. அதற்கே குளிரில் வரிசை. 2025 வசந்தத்தில் பிரிட்டனின் வெய்ட்ரோஸ் கடைகளில் ஆளுக்கு இரண்டுதான் என்று கட்டுப்பாடு போடும் அளவுக்குப் போனது. அதே வருடம் அமெரிக்காவின் டிரேடர் ஜோஸ் கடைகளில் 3.99 டாலருக்கு வந்துவிட்டது. பர்கர் கடைத்தொடரான ஷேக் ஷாக் மில்க் ஷேக்காகவே ஊற்றிக் கொடுத்தது.

பெரிய கடைக்காரங்க எதைப் பாத்து 'சரி, இதை அடுக்கலாம்'னு முடிவு பண்றாங்க?

கொள்முதல் மேலாளர்களோடு தினமும் பேசுகிறவன் என்பதால் இதை மட்டும் தைரியமாகச் சொல்கிறேன். சுவை முதல் கேள்வி அல்ல. வாரா வாரம் தடையில்லாமல் சரக்கு வருமா, எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், விற்காவிட்டால் யார் தலையில் விழும், இவைதான் முதலில் வரும். ரீல்ஸில் ஓடும் பொருளுக்கு மூன்றாவது கேள்விதான் பயம். சரக்கு கப்பலில் வந்து சேர்வதற்குள் மக்கள் வேறு எதற்காவது தாவிவிட்டால்?

அதற்குத்தான் 'லிமிடெட் எடிஷன்' என்று ஓரத்தில் அச்சடிப்பது. வாங்குகிறவருக்கு அது 'சீக்கிரம் எடு' என்று கேட்கும். கடைக்காரருக்கோ, 'ஓடாவிட்டால் சத்தமில்லாமல் நிறுத்திக்கொள்ளலாம்' என்று அர்த்தம். இரண்டு மூன்று தடவை தீர்ந்து திரும்ப வந்தால்தான் நிரந்தரத் தட்டு கிடைக்கும். தள்ளுபடிக் கடைகள் அந்தச் சமயத்தில் தங்கள் சொந்த பிராண்டில் ஒன்றை இறக்குவார்கள். ஜெர்மனியின் லிடில், ஆல்டி கடைகள் செய்தது அதைத்தான்.

முன்னாடி 'துபாய்'னு போட்டிருக்கு, பின்னாடி 'மேட் இன் துருக்கி'ன்னு இருக்கே. இது ஏமாத்து வேலை இல்லையா?

ஜெர்மனியில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஆல்டி விற்ற ஒரு பாரின் முன்பக்கம் துபாய் பெயர், பின்பக்கம் துருக்கி. 2025 தொடக்கத்தில் கொலோன் நீதிமன்றம், இது துபாயில் செய்தது என்று வாங்குகிறவர் நம்பிவிடுவார், இப்படி விற்கக்கூடாது என்றது. ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது: அது ஊர்ப் பெயராக இல்லாமல் ஒரு வகைப் பெயராகிவிட்டது என்பது அதன் பக்கம். 2025 ஜூனில் கொலோன் மேல்நீதிமன்றம் மறுபடியும் கண்டிப்பான பக்கமே சாய்ந்தது. உறைகளில் 'துபாய் ஸ்டைல்' என்ற எழுத்து பெருகியதற்கு இந்தத் தலைவலியும் ஒரு காரணம்.

எனக்கு இதில் ஒரு பக்கம் சாய முடியவில்லை. பம்பாய் மிட்டாயை யாரும் மும்பையிலிருந்து எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்றால் அந்த ஊர்ப் பாலைத்தான் எதிர்பார்ப்போம். அதற்கு 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. துபாய் சாக்லேட் இன்னும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. துபாயில் பிஸ்தாவும் விளையாது, கொக்கோவும் விளையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டுபிடிச்ச அந்தம்மா கேஸ் போட்டு எல்லாரையும் நிறுத்தியிருக்கலாமே?

எதைச் சொல்லிப் போடுவது? இன்னின்னதைச் சேர்த்துச் செய்வது என்ற பக்குவத்தை ஒருவர் தனதாக்கிக்கொள்வது மிகக் கடினம். 'துபாய் சாக்லேட்' என்பது அவர் வைத்த பெயரும் அல்ல. அவர் தன் பாருக்கு வைத்தது 'கான்ட் கெட் குனாஃபா ஆஃப் இட்', 'எவ்வளவு தின்றாலும் போதவில்லை' என்பதற்கான ஆங்கிலச் சிலேடை. அது வாயில் நுழையாததால் உலகம் தன் வசதிக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டது. ஊர் பெயரை யார் பூட்டி வைக்க முடியும்?

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. 2013-இல் நியூயார்க்கில் டொமினிக் ஆன்செல் என்ற பேக்கரி வல்லுநர் குரோசான்ட்டையும் டோனட்டையும் கலந்து 'குரோநட்' செய்தார். வரிசை தெருவை வளைத்தது. அவர் பெயரை வர்த்தக முத்திரையாகப் பதிந்துகொண்டார். மற்றவர்களும் அதே பண்டத்தைச் செய்தார்கள், ஆனால் ஆளுக்கொரு பெயரில். ஒரே பெயர் எல்லாக் கடையிலும் தொங்கவில்லை, எனவே அலை ஒன்றாகச் சேரவில்லை. குரோநட்டுக்குச் சொந்தக்காரர் இருந்தார், அது அவர் கடையோடு நின்றது. துபாய் சாக்லேட் பெயருக்குச் சொந்தக்காரர் இல்லை, அது கொரியக் கடை வரை போனது. என் கணிப்பில் மொத்தக் கதையும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பிஸ்தா விலை ஏறுனதுக்கு இதுதான் காரணமா?

பாதிக் காரணம். சர்வதேசச் சந்தையில் ஒரு பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 450 கிராம் பிஸ்தா பருப்பு 7.65 டாலரிலிருந்து 2025 வசந்தத்தில் 10.30 டாலருக்கு ஏறியது. ஆனால் அந்தச் சமயத்தில் அமெரிக்க விளைச்சலும் குறைவாக இருந்தது. பிஸ்தா மரம் ஒரு வருடம் அள்ளிக் கொடுக்கும், அடுத்த வருடம் கையை மூடிக்கொள்ளும். அதோடு அந்த விளைச்சல் தரமாகவும் இருந்துவிட்டது. தரமான பிஸ்தா ஓட்டோடு நல்ல விலைக்குப் போகும். விழுதுக்குப் போவது ஓடு நீக்கிய மலிவான பருப்பு, அதுதான் தட்டுப்பாடானது. சரக்கு குறைந்த வருடத்தில் ரீல்ஸ் வந்து உட்கார்ந்தது, விலை எகிறியது.

கடையில வாங்குனது வீடியோல பாத்த மாதிரி மொறுமொறுன்னு இல்லையே, ஏன்?

மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்த முறுக்கு என்ன ஆகும்? அதேதான். வறுத்த கதாயிஃப் ஈரத்தைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். செய்த சில நாளில் சாப்பிட்டுத் தீர்க்கிற பாருக்கும், தட்டில் மாதக்கணக்கில் இருக்கவேண்டிய பாருக்கும் ஒரே பக்குவம் ஒத்துவராது.

பணமும் காரணம். முந்தின பதிலில் சொன்ன விலையில் பிஸ்தாவைத் தாராளமாகப் போட்டால் தள்ளுபடிக் கடை விலைக்கு விற்க முடியாது. அதனால் பார் மெலியும், பிஸ்தா குறையும், அந்த இடத்தில் சர்க்கரையும் தாவர எண்ணெயும் ஏறும். தோற்றம் மட்டும் குறையாது, ஏனென்றால் மக்கள் தேடி வருவது அந்தத் தோற்றத்தைத்தான். வீடியோவிலிருந்து கடைக்கு முதலில் வந்து சேர்வது பெயரும் பச்சை நிறமும். பிஸ்தா மெதுவாக, கொஞ்சமாகத்தான் வரும்.

நல்ல சரக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உறையின் பின்பக்கம் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும், நம் நாட்டு விதியும் அதுவே. பிஸ்தா எத்தனையாவது, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பச்சை கண்ணைப் பறித்தால் சந்தேகப்படுங்கள். அசல் பிஸ்தா விழுது கொஞ்சம் மங்கலான, பாசிப் பச்சைதான்.

பையனுக்குக் கடலை அலர்ஜி. இதுல பிஸ்தாதானே, சாப்பிடலாமா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். பிஸ்தாவே பலருக்கு ஒவ்வாது. தஹினி எள், நூல் கோதுமை. இது நல்ல சரக்கின் நிலை. மலிவுச் சரக்கில் பிஸ்தா இருக்கவேண்டிய இடத்தில் உறையில் சொல்லாமலே நிலக்கடலை இருக்கலாம். 2025 ஜூனில் பிரிட்டனின் உணவுத் தர முகமை, இறக்குமதியாகும் சில துபாய் வகைச் சாக்லேட்டுகளில் ஒவ்வாமைப் பொருள் விவரம் சரியாக இல்லை, ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவேண்டும் என்று எச்சரித்தது. அதே வருடம் கனடாவில் பிஸ்தாவும் பிஸ்தா சேர்ந்த பண்டங்களும் சால்மோனெல்லா கிருமித் தொற்றால் திரும்பப் பெறப்பட்டன. ஒரு பொருளுக்குத் திடீரென்று கிராக்கி வந்தால், முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் சப்ளையர் ஆகிவிடுவார்கள். என் அலுவலகத்துக்கே அப்படி வந்த மாதிரிப் பெட்டிகள் எத்தனையோ. ஒன்றில் சேர்மானப் பட்டியலே இல்லை.

சேமியா வச்சு வீட்ல செஞ்சா நல்லா வருமா?

வரும். கொரியாக்காரர்கள் நூடுல்ஸில் செய்த கதையை மேலே படித்தீர்களே, கூச்சமே வேண்டாம். மெல்லிய சேமியாவைப் பொடித்து, நெய்யோ வெண்ணெயோ விட்டு, சின்னத் தீயில் ஒரே சீராகச் சிவக்கும் வரை வறுக்கவேண்டும். பாயசத்துக்கு வறுப்பதுபோல் பாதியில் இறக்கினால் பல்லில் ஒட்டும். பிறகு முழுக்க ஆறவேண்டும். சூட்டோடு விழுதில் கலந்தால் வியர்த்து நமுத்துவிடும்.

பிஸ்தாவைத் தண்ணீரோ பாலோ விட்டு அரைக்காதீர்கள். அதன் எண்ணெயிலேயே அரைபடவேண்டும், தேவைப்பட்டால் ஒரு கரண்டி வாசமில்லாத எண்ணெய். மதினி பால் விட்டு அரைத்தார், மறுநாள் அது பிஸ்தா கேசரி ஆகியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உடைத்தபோது 'க்ரக்' வரவில்லை.

நம்ம பேக்கரில இப்ப ஆரம்பிக்கலாமா அண்ணாச்சி? இல்ல மவுசு போயிருமா?

பார் விற்க ஆரம்பிப்பதென்றால், வேண்டாம் என்பேன். பெரிய கம்பெனி பார் கடைத் தட்டுக்கு வந்த பிறகு, அதே பாரை நீங்கள் செய்து விலையில் ஜெயிக்க முடியாது. 2020 ஊரடங்கில் டல்கோனா காபி ஓடியது நினைவிருக்கிறதா? உடனடிக் காபித்தூள், சர்க்கரை, தண்ணீர். வீட்டிலேயே செய்துகொள்ள முடிந்ததால் கடைக்காரருக்கு அதில் பெரிய வேலை இல்லை, வந்த வேகத்தில் போனது. துபாய் சாக்லேட்டை வீட்டில் செய்வது சிரமம் என்பதால் கடை அதைப் பிடித்துக்கொண்டது.

மவுசு ஒரேயடியாகப் போகாது, உருமாறும். பிஸ்தாவும் கதாயிஃபும் என்ற ஜோடி சாக்லேட்டிலிருந்து கழன்று ஐஸ்கிரீம், கேக், குக்கீ என்று குடியேறிவிட்டது. கொரியாவில் அதை மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய்க்குள் பொதிந்து 'துபாய் ஜொந்துக் குக்கி' என்று விற்கிறார்கள். ஆகவே சரக்கு எடுப்பதானால் ஒரு பெட்டி கதாயிஃப் எடுங்கள், பத்து வேண்டாம். கேக் மேலே தூவிப் பாருங்கள். 'துபாய்' என்று பெயர்ப்பலகை அடிப்பதற்கு மட்டும் காசு செலவழிக்காதீர்கள், அதை எப்போது கழற்றவேண்டி வரும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த தடவ வரும்போது ரெண்டே ரெண்டு, ஒரிஜினல் கம்பெனியிலயே வாங்கிட்டு வர முடியுமா?

முடியும். இப்போது விமான நிலைய டூட்டி ஃப்ரீயிலேயே வைத்திருக்கிறார்கள், முன்புபோல் போனை வைத்துக்கொண்டு நேரம் பார்த்துக் காத்திருக்கவேண்டியதில்லை. ஆனால் சித்திரை வைகாசியில் கேட்காதீர்கள். போன மே மாதம் திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவிலில் சாப்பாட்டுக்குக் காரை நிறுத்திவிட்டு, ஊர் வந்து பையைத் திறந்தேன். ஆறு பாரும் ஒரே பாராகியிருந்தது. கரண்டி போட்டுத்தான் சாப்பிட்டோம்.